சிறு கைகள் செய்யும் கிறிஸ்துமஸ் பரிசுகள்

ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு எனத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. தம்மினும் உயர்ந்தோரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார். தமக்கு ஒத்தோரிடம் கேட்பவர் ‘தா’ என்பார். தம்மினும் தாழ்ந்தோரிடம் கேட்பவர் ‘கொடு’ என்பார். கேட்கும் சொல்லிலேயே கேட்பவரின் நிலை தெரிந்துவிடும் என்பது நம் முன்னோர் கண்ட நுட்பம்.

மருத்துவமனையில் நெடுநாள் தங்கும் ஒரு குழந்தையின் நாளை இந்த நோக்கில் எண்ணிப் பாருங்கள். தண்ணீரைப் பிறர் தர வேண்டும்; உணவைப் பிறர் ஊட்ட வேண்டும்; கழிவறைக்குப் பிறர் அழைத்துச் செல்ல வேண்டும்; விளையாட்டுப் பொருளையும் பிறரே கொண்டுவர வேண்டும். காலை முதல் இரவு வரை அக்குழந்தை ‘ஈ’ என்னும் நிலையிலேயே இருக்கிறது. அன்பு மிகுந்த குடும்பத்தில் இந்நிலை இன்னும் கூடுகிறது. உறவினர் ஒவ்வொருவரும் ஒரு பொருளோடு வருகின்றனர். குழந்தையோ பெற்றுக்கொண்டே இருக்கிறது.

கிறிஸ்துமஸ் பரிசைக் குழந்தை தன் கையால் செய்து பிறருக்கு வழங்கும்பொழுது இந்த ஒழுங்கு ஒரு நாளேனும் மாறுகிறது. பெறும் கை கொடுக்கும் கையாகிறது. ஆகவே கைவினைப் பரிசை நேரம் போக்கும் வேலையாக மட்டும் நாங்கள் கருதுவதில்லை. ‘என்னாலும் ஒன்று தர இயலும்’ என்று குழந்தை உணர்வதற்கான வாய்ப்பாகவே அதைக் காண்கிறோம். கிறிஸ்துமஸ் கொண்டாடாத குடும்பத்தினரும் இப்பாடத்தைப் பொங்கலுக்கோ, பிறந்தநாளுக்கோ பயன்படுத்திக்கொள்ளலாம்.

பரிசின் பின்புலம்

கிறிஸ்துமஸ் விழாவில் பரிசு வழங்கும் வழக்கத்தை, குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்து வணங்கியதாக மத்தேயு நற்செய்தி கூறும் நிகழ்ச்சியோடு மக்கள் தொடர்புபடுத்துவர். விழாவின் இரு அடையாளங்களான வாழ்த்து அட்டைக்கும் காகித நட்சத்திரத்திற்கும் அண்மைக்கால வரலாறு உண்டு. இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் 1843ஆம் ஆண்டில், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை வரையச் செய்து அச்சிட்டார். வணிக முறையில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டையாக அது கருதப்படுகிறது.

நட்சத்திரத்தின் கதை குழந்தைகளுக்கு இன்னும் நெருக்கமானது. ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியத் திருச்சபையினர் நடத்திய ஆண்கள் பள்ளியில், 1830களில், வடிவக் கணிதப் பயிற்சியாக மாணவர்கள் காகிதத்தால் பல முனைகள் கொண்ட நட்சத்திரங்களைச் செய்தனர். மொரேவிய நட்சத்திரம் என இன்று உலகம் அறிந்த விளக்கு அவ்வாறு ஒரு வகுப்பறையில் பிறந்தது. டிசம்பரில் நம் ஊர் வீட்டு வாயில்களில் ஒளிரும் காகித நட்சத்திரங்களைக் காட்டி, ‘இதைப் போன்ற ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளே பாடவேளையில் செய்து காட்டினார்கள்’ என்று உங்கள் குழந்தைக்குச் சொல்லலாம்.

தொடங்குமுன் அறிய வேண்டியவை

நலமுள்ள குழந்தைக்குத் தீங்கற்ற பொருள் நோயுற்ற குழந்தைக்குத் தீங்காகக்கூடும். எனவே பொருள்களை வார்டுக்குள் கொண்டுவருமுன் செவிலியரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். பின்வரும் விதிகளை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, நோய்த்தொற்று. வெள்ளணுக்கள் குறைந்துள்ள குழந்தைக்கு அருகில் மண், பாசி, வைக்கோல், காய்ந்த இலை, புதுமலர் ஆகியவை இருத்தலாகாது. அவற்றில் பூஞ்சை வித்துக்கள் தங்கியிருக்கக்கூடும். வீட்டில் வைக்கோலும் புல்லும் பரப்பிக் குடில் அமைப்பது நம் வழக்கம். வார்டில் குடிலைத் தாளால் செய்வதே ஏற்றது. பனையோலைப் பொருள்களையும் இக்குழந்தைகளுக்குத் தவிர்க்கலாம். பழைய செய்தித்தாளும் கடை அட்டைப்பெட்டியும் வீட்டில் செய்யும் பரிசுகளுக்கு உதவும். வார்டுக்குப் புதிய தாளே ஏற்றது. வேலையைத் தொடங்குமுன்னும் முடித்தபின்னும் சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 நொடிகள் கை கழுவ வேண்டும். ஒரு குழந்தையின் கிரேயான், பசைக்குச்சி ஆகியவற்றை அடுத்த படுக்கைக் குழந்தையோடு பகிர வேண்டாம்.

இரண்டாவது, இரத்தக்கசிவு. இரத்தத் தட்டணுக்கள் குறைந்த குழந்தைகளுக்குச் சிறு வெட்டுக்காயமும் எளிதில் நிற்காத கசிவைத் தரலாம். கத்தரிக்கோலும் ஊசியும் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். குழந்தை தாளைக் கிழிக்கலாம், மடிக்கலாம், ஒட்டலாம்.

மூன்றாவது, விழுங்கும் ஆபத்து. மூன்று வயதுக்கு உட்பட்டோர் அருகில் மணி, பொத்தான் போன்ற சிறு பொருள்கள் வேண்டா. மின்விளக்குப் பொம்மைகளில் உள்ள பட்டன் பேட்டரி எந்த வயதிலும் கவனத்திற்குரியது. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக்கூடும். வலுமிக்க சிறு காந்தங்களும் அவ்வாறே. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று ஈர்த்துக் குடற்சுவரைத் துளைத்துவிடலாம். வீட்டில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட தாத்தாவோ பாட்டியோ இருந்தால் காந்தப் பரிசு அறவே வேண்டா.

நான்காவது, தீயும் நெடியும். ஆக்சிஜன் பயன்படுத்தப்படும் இடத்தில் மெழுகுவர்த்தி உள்ளிட்ட எந்தச் சுடரும் இருத்தலாகாது. கடும் நெடியுள்ள வண்ணமும் பசையும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டலாம். மினுமினுப்புத் தூள் கண்ணிலும் படுக்கை விரிப்பிலும் ஒட்டிக்கொள்ளும், அதனையும் விலக்குங்கள்.

ஐந்தாவது, களைப்பு. ஒரு வேளைக்கு 15 நிமிடங்கள் போதும். ஊசிக்கோ பரிசோதனைக்கோ செல்லவிருக்கும் நேரத்தில் தொடங்காமல், வலி அடங்கி, சற்றே உண்டு, தெளிவாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சில புற்றுநோய் மருந்துகள் விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வையும் பிடிப்புக் குறைவையும் தருகின்றன. அத்தகைய குழந்தைக்குத் தடித்த கிரேயானும் பெரிய தாளும் கொடுங்கள். நேற்று முடிந்தது இன்று முடியாமற்போவதைச் சோம்பல் என எண்ண வேண்டாம்.

ஆறு பரிசுகள்

1. புடைப்பு நட்சத்திரம். சற்றே தடித்த வண்ணத்தாளில் 15 செ.மீ. அகலமுள்ள ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பெரியவர் வரைந்து வெட்டித் தரட்டும். ஒவ்வொரு வெளிமுனைக்கும் நேர் எதிரே ஓர் உள்மூலை இருப்பதைக் குழந்தை காணும். அம்முனையிலிருந்து நடுப்புள்ளி வழியாக எதிர் மூலை வரை நட்சத்திரத்தை இரண்டாக மடித்து, நன்கு அழுத்திப் பிரிக்க வேண்டும். ஐந்து முனைகளுக்கும் இவ்வாறு செய்தால் ஐந்து மடிப்புக்கோடுகள் நடுவில் சந்திக்கும். பின்னர் முனைகளிலிருந்து நடுவுக்கு வரும் கோடுகளை மேடாகவும், உள்மூலைகளிலிருந்து நடுவுக்கு வரும் கோடுகளைப் பள்ளமாகவும் விரலால் அழுத்தினால், தட்டையான தாள் புடைத்து எழும். இத்தகைய இரண்டை முதுகோடு முதுகாக ஓரங்களில் ஒட்டி, நூலில் தொங்கவிடலாம். வெட்டுவதைத் தவிர மற்றனைத்தும் ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு எளியவை.

2. கிழித்து ஒட்டும் வாழ்த்து அட்டை. வண்ணத்தாள்களை விரல்நக அளவுத் துண்டுகளாகக் கிழித்து, மடித்த வெள்ளைத்தாளின் மேற்புறத்தில் மரமாகவோ, குடிலாகவோ, விண்மீனாகவோ ஒட்ட வேண்டும். கிழிந்த ஓரத்தின் வெண்மையே இதற்கு அழகு. விரல் வலிமை குறைந்தவர்களுக்கும் கத்தரிக்கோல் ஆகாதவர்களுக்கும் இதுவே மிகப் பொருத்தம். உட்புறத்தில் எழுதுவதைக் குழந்தை தன் சொல்லிலேயே சொல்லட்டும். எழுத இயலாவிட்டால் பெரியவர் அச்சொல்லைத் திருத்தாமல் எழுதித் தரலாம்.

3. கைவரைவு. தடித்த தாளில் கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைய வேண்டும். டிரிப்ஸ் ஏற்றும் ஊசி உள்ள கையை விட்டு மற்றொரு கையைப் பயன்படுத்துங்கள். தோலில் வண்ணம் பூசிப் பதிப்பதைவிட இது தூய்மையானது. புண்ணோ ஒவ்வாமையோ உள்ள தோலுக்கும் தீங்கற்றது. ஒவ்வொரு விரலுக்குள்ளும் பரிசைப் பெறுவோரைப் பற்றி ஒரு சொல் எழுதலாம்: அப்பாவின் சிரிப்பு, அப்பா செய்யும் தோசை, அப்பா பாடும் தாலாட்டு. கீழே நாளையும் வயதையும் குறியுங்கள். குழந்தையின் கை வளரும். தாளில் உள்ள கை அந்த டிசம்பரின் அளவிலேயே இருக்கும். ஆண்டுகள் கடந்தபின் இதைவிட மதிப்புள்ள பொருள் அவ்வீட்டில் வேறொன்று இராது.

4. வாக்குறுதிச் சீட்டுகள். ஏ4 தாள் ஒன்றை மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் 8 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10.5 செ.மீ. நீளமும் 7.4 செ.மீ. அகலமும் கொண்டது. அவற்றை வெட்டி, நூலால் கட்டி, சிறு புத்தகமாக்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் குழந்தை செய்யக்கூடிய ஓர் உதவியை எழுதட்டும்: பாட்டிக்கு நாளிதழ் வாசித்துக் காட்டுவேன்; தம்பிக்கு ஒரு கதை சொல்வேன்; துவைத்த கைக்குட்டைகளை மடித்து வைப்பேன். பெறுபவர் விரும்பிய நாளில் ஒரு சீட்டைக் கொடுத்து அவ்வுதவியைக் கேட்டுப் பெறலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை. ‘ஊசி போடும்போது அழமாட்டேன்’, ‘சீக்கிரம் குணமாகிவிடுவேன்’ என்று எழுத நோயுற்ற குழந்தைகள் முற்படுவதுண்டு. பெற்றோரை மகிழ்விக்கும் வழி அதுவே என அவை எண்ணுகின்றன. அத்தகைய சீட்டை ஏற்காதீர்கள். குணமடைவது குழந்தையின் கையில் இல்லை. அதை வாக்குறுதியாக்கினால், நோய் நீடிக்கும்பொழுது வாக்குத் தவறியதாகக் குழந்தை தன்னையே நொந்துகொள்ளும். ‘நீ அழலாம், அழுதாலும் உன்மேல் எங்களுக்கு உள்ள அன்பு குறையாது’ என்று சொல்லி, வேறொன்றை எழுதச் செய்யுங்கள்.

5. மருந்து நேர அட்டை. நாள்தோறும் பல மாத்திரைகள் உண்ணும் தாத்தா பாட்டிக்கு இது பயன்மிக்க பரிசு. காலைக்கு உதிக்கும் சூரியன், நண்பகலுக்கு உச்சிச் சூரியன், இரவுக்கு நிலா. உணவுக்கு முன் எனில் வெறுந்தட்டு, பின் எனில் சோறு நிறைந்த தட்டு என்று குழந்தை படங்களை வரையட்டும். மருந்தின் பெயரையும் அளவையும் மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்துப் பெரியவரே தனித்துண்டில் எழுதி ஒட்ட வேண்டும். புறநோயாளர் பிரிவுக்கு வரும்பொழுது செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்து மாறினால் அத்துண்டை மட்டும் மாற்றலாம். படங்கள் அப்படியே இருக்கும்.

6. கேள்வி நூலும் குரல் பரிசும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தொலைபேசியில் பாட்டியிடம் பத்துக் கேள்விகள் கேட்டு, விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, படம் வரைந்து, அதனையே அவருக்குப் பரிசாக்கலாம். உங்கள் சிறுவயதில் கிறிஸ்துமஸ் காலையில் என்ன பலகாரம் செய்தார்கள்? யார் உங்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்? எந்த விளையாட்டில் நீங்கள் வென்றீர்கள்? இத்தகைய கேள்விகள் போதும். கையை அசைக்கவே இயலாத குழந்தை, ஒரு கதையையோ பாட்டையோ கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பலாம். கைவினை என்பதில் கை இல்லாவிட்டாலும் பரிசு குறைவுபடாது.

தின்பண்டங்களை இப்பட்டியலில் நாங்கள் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. முறுக்கும் அதிரசமும் கேக்கும் தட்டில் வைத்து அண்டை வீடுகளுக்கு வழங்குவது நம் இனிய வழக்கமே. ஆயினும் நோயாளியின் உணவு மருத்துவர் வகுத்த அளவுக்கு உட்பட்டது. சர்க்கரை நோய், சிறுநீரக நோய், ஒவ்வாமை உடையோருக்குத் தின்பண்டப் பரிசு ஏக்கத்தையோ தீங்கையோ தரலாம்.

வீட்டில் இருக்கும் உடன்பிறந்தவர்

ஒரு பிள்ளை மருத்துவமனையில் இருக்கும்பொழுது மற்றொரு பிள்ளை பாட்டி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வளர்கிறது. பெற்றோரின் நேரமும் பணமும் பேச்சும் நோயுற்ற பிள்ளையைச் சுற்றியே அமைவதை அது பார்க்கிறது. பொறாமையும், பொறாமைப்பட்டதற்கான குற்றவுணர்வும் அதன் மனத்தில் ஒருசேர எழும். ‘நான் அவனைத் திட்டியதால்தான் நோய் வந்தது’ என்று சிறு குழந்தைகள் மெய்யாகவே நம்பிவிடுவதும் உண்டு. பெரியவர் கேட்காதவரை அவை அதைச் சொல்வதில்லை.

பரிசு செய்யும் வேளை இப்பேச்சுக்கு உகந்தது. கண்ணுக்குக் கண் நோக்காமல், கை வேலையில் இருக்கும்பொழுது குழந்தைகள் எளிதாக மனம் திறக்கின்றனர். அருகில் அமர்ந்து தாளைக் கிழித்தபடியே, ‘தம்பிக்கு நோய் வந்தது யாருடைய தவறாலும் அன்று; நீ சொன்னதாலும் நினைத்ததாலும் அன்று’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். பின்னர் ஒருவர் மற்றவருக்கு ஒரு பரிசு செய்யட்டும். பார்வையாளர் விதிகளால் நேரில் வர இயலாத அண்ணனின் அட்டை தங்கையின் படுக்கையருகில் இருக்கும். தங்கை மடித்த நட்சத்திரம் வீட்டுச் சன்னலில் தொங்கும். தனிமை அறையில் உள்ள குழந்தைக்கு அனுப்பும் தாளை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் இட்டால் துடைத்துத் தூய்மை செய்ய இயலும். அதற்கும் இடமில்லை எனில் நிழற்படமாக அனுப்புங்கள்.

தாயோ தந்தையோ நோயுற்றிருக்கும் வீட்டுக் குழந்தைக்கும் இவையனைத்தும் பொருந்தும். அக்குழந்தைக்கு, ‘அம்மாவுக்கு நான் எதுவும் செய்ய முடியவில்லை’ என்னும் தவிப்பு உண்டு. மருந்து நேர அட்டையோ ஒரு வாக்குறுதிச் சீட்டோ அத்தவிப்புக்கு வடிவம் தரும்.

பெரியவர் கடமை

பரிசு செய்வதில் பெரியவருக்குரிய கடமைகள் மூன்று. மூன்றும் எளியவை, மூன்றும் மறக்கப்படுபவை.

திருத்தாதீர்கள். கோணல் நட்சத்திரத்தை இரவில் நீங்கள் சரிசெய்து வைத்தால், காலையில் குழந்தை அதனை அறிந்துகொள்ளும். ‘நான் செய்தது போதாது’ என்னும் செய்தியே அதற்குக் கிடைக்கும். கொடுப்பவர் என்னும் நிலையிலிருந்து பெறுபவர் என்னும் நிலைக்கு அது மீண்டும் தள்ளப்படும்.

வற்புறுத்தாதீர்கள். செய்ய விருப்பமில்லை எனில் தாளை மூடி வைத்துவிடுங்கள். பாதியில் நின்ற பரிசைப் பாதியாகவே வழங்கலாம். டிசம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்தால் நலிவுற்ற நாள்களை விட்டுவிட்டுத் தொடரக் காலம் இருக்கும்.

பரிசை முறையாகப் பெற்றுக்கொள்ளுங்கள். கைப்பேசியை வைத்துவிட்டு, அமர்ந்து, இரு கைகளாலும் வாங்குங்கள். ‘அழகாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல், ‘இந்தப் பச்சை நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய்?’ என்று கேளுங்கள். பயன்படக்கூடியதைப் பயன்படுத்துங்கள்: மருந்து அட்டையைச் சுவரில் மாட்டுங்கள், வாக்குறுதிச் சீட்டை விழா முடிந்த வாரத்திலேயே ஒருமுறை நீட்டி உதவி கேளுங்கள். அவ்வாறு கேட்கும்பொழுது ‘தா’ என்று கேட்பவர் நீங்களாகவும், தருபவர் உங்கள் குழந்தையாகவும் இருப்பீர்கள். மாத்திரையும் ஊசியும் தர இயலாத அந்த நிமிர்வைக் குழந்தையின் முகத்தில் அப்பொழுது நீங்கள் காணலாம்.